படுதா கட்டிய வண்டி

சத்தம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. குமுளி மார்க்கெட்டில் திராட்சையை இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளைப் பின்னால் அடுக்கி, வானம் மூட்டமாக இருந்ததால் மேலே படுதாவையும் இழுத்துக் கட்டிக்கொண்டு, கர்ணன் தன் பழைய பிக்கப்பை இரண்டாவது கியரில் போட்டு மெல்ல மலையிறங்கிக்கொண்டிருந்தான். ஈரத் தார்ரோட்டில் டயர் இழுபடும் சத்தம், வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம், சூடேறிய பிரேக்கின் கருகல் வாசம் என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. மாதா கோயில் வளைவைத் தாண்டும்போது அவன் முதுகுக்குப் பின்னால், கேபின் தகரத்தில், டொக் என்றது.

பெட்டி சாய்ந்திருக்கும் என்று நினைத்தான். லோயர் கேம்ப்பில் ஓரங்கட்டிக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தான். அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. ஆனால் கேபின் தகரத்துக்கும் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அப்படி இடம் விட்டு அடுக்கச்சொல்லி அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி அடுக்கியவனே அவன்தான்.

மறுநாள் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சரி, தொலைந்தது சனியன் என்று மூச்சுவிட்ட நாளில், அதே இறக்கத்தில் மறுபடியும் வந்தது. கர்ணன் வண்டிக்காரன், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்க்கத் தெரிந்தவன். மலை ஏறும்போது வராது. கம்பத்துக்கும் தேனிக்கும் எத்தனை நடை அடித்தாலும் வராது. படுதா போடாமல் இறங்கினால் வராது. படுதாவை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டி மலையிறங்கினால் மட்டும், அதற்கு மனசிருந்தால் வரும். ஒரு தட்டு. அப்புறம் நீண்ட அமைதி. அந்த அமைதியில்தான் அவனுக்கு வேர்த்துக்கொட்டும். அடுத்தது எந்த வளைவில் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான்.

காமயகவுண்டன்பட்டியில் வீடு. மனைவி பாண்டீஸ்வரியிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ராத்திரியெல்லாம் தூக்கத்துல சுவத்தத் தட்டிக்கிட்டே இருக்கீகளே, அப்படி என்ன கனாக் கண்டீக?”

கர்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையின் அடிப்பாகம் சிவந்து கன்றிப்போயிருந்தது. பெட்டி இடித்தது என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டான்.

பழைய வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும், வேறு யாராவது என்றால் பாட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கர்ணனால் முடியாது. ஏனென்றால் இந்தச் சத்தத்தைப் பற்றி அவன் ஏற்கனவே ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்திருந்தான். கொடுத்தபோது அந்தச் சத்தம் வண்டியில் கிடையாது.

போன ஐப்பசியில் நடந்தது அது. கூடலூர் இருளம்மாள், விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிற எத்தனையோ பெண்களில் ஒருத்தி. இளைப்பு நோய் உண்டு. அன்று மருந்தடித்த பாத்தியில் வேலை செய்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும், ஜீப் வரும்வரை தாங்காது என்று, தோட்டத்துக்கு உரம் இறக்க வந்திருந்த கர்ணனின் வண்டியில் மேஸ்திரி அவளை ஏற்றிவிட்டார். கேபினில் கர்ணன் ஒருவன்தான். பக்கத்து சீட் காலி. ஆனால் முந்தின வாரம்தான் சிவப்பு ரெக்சினில் புது சீட் கவர் தைத்துப் போட்டிருந்தான். அவள் சேலையோ முழங்கால்வரை சேறும் மருந்தும். பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னான். சரக்கு வண்டியில் ஆள் இருப்பது தெரிந்தால் செக்போஸ்ட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று, கேபின் தகரத்தை ஒட்டிப் படுக்கவைத்து, மேலே படுதாவைப் போட்டு நான்கு பக்கமும் கட்டினான். பக்கத்தில், மச்சான் தோட்டத்துக்காக மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய பூச்சிமருந்துக் கேன் ஒன்று இருந்தது. மூடி தொலைந்துபோன கேன். வாயில் பாலித்தீன் தாளைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது.

ஏதாவது என்றால் ஒரு தட்டு தட்டச் சொன்னான். அதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. லோடு வண்டியில் பின்னால் ஏறிப் பழகிய யாருக்கும் தெரியும், ஒற்றைத் தட்டு என்றால் நிறுத்து, ரெட்டைத் தட்டு என்றால் போகலாம். கேட்டுவிட்டது என்பதற்கு டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவான். இந்த மலையில் அதுதான் பேச்சு.

கூடலூரில் கயிற்றை அவிழ்த்தபோது பூண்டு அழுகினதுபோல ஒரு நாற்றம் குபீரென்று அடித்தது. கேன் கவிழ்ந்து கிடந்தது. இருளம்மாள் கேபின் பக்கமாகத் திரும்பி, கையைத் தகரத்தில் வைத்தபடியே போய்ச் சேர்ந்திருந்தாள். சீட் கவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டேஷனில் கர்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ஏதோ சத்தம் கேட்டது, ஆனால் வண்டியில் எப்போதும் வருகிற சத்தம் என்று நினைத்துவிட்டேன், பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற சாக்கிள் தேய்ந்து டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். வேண்டுமானால் வண்டி பார்க்கிற ஜெபராஜ் அண்ணனைக் கேளுங்கள் என்றான். முதல்நாள் இரவே ஜெபராஜின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான். ஜெபராஜும், பழைய வண்டிதானே, சத்தம் இருந்திருக்கும் என்று நம்பி, அப்படியே சொல்லிவிட்டார். விபத்து என்றே எழுதினார்கள். கர்ணன் வண்டியை மீட்டு, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, பின்பக்கத்துக்கு உள்ளும் புறமும் புதுப் பெயின்ட் அடித்தான்.

ஒரே ஒருத்தி மட்டும் நம்பவில்லை. இருளம்மாளின் மகள் மாரீஸ்வரி, வாக்குமூலம் முடிந்த பிறகு ஸ்டேஷன் வாசலில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அங்கே பிடித்து நிறுத்தியிருந்த வண்டியிடம் நேரே நடந்து வந்தாள். கேபின் தகரத்தில் உள்ளங்கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் கர்ணனைப் பார்த்தாள். அதுவரை அவனை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் அவள்.

“இந்தச் சத்தத்தத்தான் சாக்கிள்னு சொன்னியா? நீ சொன்ன சத்தம் உனக்கு நிக்காமக் கேக்கட்டும். எங்க ஆத்தா கேக்க வைக்கும்.”

அதை அவன் அன்றைக்கே மறந்துவிட்டதாக நினைத்திருந்தான்.

இப்போது கர்ணனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு லூஸான போல்ட். உலகத்தில் எவனும் தன் வண்டியில் பழுது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க மாட்டான், இவன் வேண்டினான். ஜெபராஜ் அடியில் படுத்து, இங்கே ஒரு புஷ் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஸ்டேஷனில் சொன்னது உண்மையாகிவிடும். மாரீஸ்வரி சொன்னது வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். அவனும் தூங்குவான்.

ஜெபராஜின் ஷெட் கம்பம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. ஆளுக்குக் கனத்த உடம்பு, வாதம் பிடித்த முழங்கால், ஆனால் வேலை சுத்தம். ஒரு சத்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்பானரைத் தொடமாட்டார், கேள்விதான் கேட்பார். பள்ளத்தில் விழும்போது வருகிறதா? அப்படியென்றால் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர். வேகம் கூடக்கூடச் சேர்ந்து வருகிறதா? அப்படியென்றால் சக்கரம், ஷாப்ட், பேரிங். ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிறதா? இன்ஜின் கட்டை, சைலன்சர். கர்ணன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினான்.

“ரோட்டுச் சத்தமும் இல்ல, சக்கரச் சத்தமும் இல்ல, இன்ஜின் சத்தமும் இல்லைன்னா, அப்ப ஏத்துன சாமான் சத்தம்தான் தம்பி.”

“வெறும் வண்டியிலயும் வருதுண்ணே. ஒண்ணும் ஏத்தல.”

ஜெபராஜ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். சாக்கிளைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். ஸ்டெப்னியை இறக்கி மாட்டினார், ஜாக்கியைச் சாக்கில் சுற்றிக் கட்டினார், பின்கதவுக் கொண்டிக்குப் பழைய டியூபை வெட்டிச் சொருகினார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் கர்ணன் உள்ளுக்குள் குலுங்கினான். பழைய சாக்கிளைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்த ஜெபராஜ் அதைத் தரையில் போடவில்லை, பெஞ்சின்மேல் தனியாக வைத்தார். அதில் தேய்மானமே இல்லை என்றார். கர்ணன் கேட்காதவன்போல வேறு பக்கம் பார்த்தான்.

கேட்கிற சத்தம் இரும்பில் இரும்பு படுவதுபோலவா, ரப்பர் படுவதுபோலவா என்று அவர் கேட்டார். இரும்பும் இல்லை, ரப்பரும் இல்லை. மெத்தென்று ஆரம்பித்துக் கெட்டியாக முடிகிற சத்தம் அது. உள்ளங்கையின் அடிப்பாகம் தகரத்தில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும். தெரியவில்லை என்றான்.

ஜெபராஜ் பின்னால் ஏறிக் கேபின் தகரத்தைத் தடவிப் பார்த்தார். கீழே, முழங்காலுக்கும் கீழே, ஒரு கையகலத்துக்குப் பெயின்ட் உரிந்து பழைய தகரம் தெரிந்தது. சுற்றிலும் புதுப் பெயின்ட் பளபளவென்று இருக்க, அந்த இடத்தில் மட்டும் நிற்கவில்லை. தகரம் கேபின் பக்கமாக லேசாகப் புடைத்தும் இருந்தது. பெட்டி இடித்திருக்கும் என்று கர்ணன் முந்திக்கொண்டு சொன்னான். ஜெபராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“கர்ணா, அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் சொன்னது நெசம்தான? பைபிள் தொடுற கை இது. அந்தப் பொம்பள தட்டுனத நீ வண்டிச் சத்தம்னுதான நெனச்ச?”

“சத்தியமாண்ணே.”

“அப்ப அந்தச் சத்தத்த எனக்கும் ஒரு தடவ கேக்க வையி. என் மனசுக்கும் ஆறுதலா இருக்கும்.”

அன்று மத்தியானமே இரண்டு பேரும் குமுளிக்குப் போனார்கள். சத்தம் வருகிற தோதெல்லாம் கர்ணன்தான் சொன்னான், வெறும் வண்டி, படுதா இறுக்கமாக, இறக்கம். கேரளாப் பக்கமிருந்து ஆடி மாசத்து மேகம் மலையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கர்ணன் ஓட்ட, ஜெபராஜ் பக்கத்தில் சிவப்பு ரெக்சின்மேல் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மாதா கோயில் வளைவில், டொக்.

ஜெபராஜ் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கேட்டுவிட்டது, தான் பொய் சொல்லவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, படுதாவைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. இருட்டும் ஈரமும்தான். வண்டி நின்றபிறகு தேடினால் அகப்படாது, ஓடும்போது உள்ளே ஒரு ஆள் படுத்து, கையை வைத்துப் பார்த்தால்தான் அகப்படும் என்றார். ஷெட்டில் படுப்பது வேறு, இந்த முழங்காலை மடக்கிக்கொண்டு ஓடும் வண்டியில் தன்னால் படுக்க முடியாது, கர்ணன்தான் படுக்க வேண்டும், தான் ஓட்டுகிறேன் என்றார்.

மாட்டேன் என்று சொல்ல கர்ணனுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். வண்டிச் சத்தம்தானே, அதற்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்பார். இத்தனை நாள் சொல்லிவந்ததைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது, ஏறிப் படுப்பது.

மறுபடி மேலே போய் வண்டியைத் திருப்பினார்கள். ஜெபராஜிடம் இருந்தது சாதாரண பட்டன் போன். சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்று கர்ணனின் போனை வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார். கர்ணன் பின்னால் ஏறி, கேபின் தகரத்தை ஒட்டி, ஒருக்களித்துப் படுத்தான். வேறு எப்படியும் படுக்க முடியாது போலத்தான் இருந்தது. மேலே படுதா வந்து விழுந்தது. கயிறு கொக்கிகளில் சுற்றிச் சுற்றி இறுகும் சத்தம் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டது. ஜெபராஜின் குரல் வெளியிலிருந்து வந்தது.

“ஒத்தத் தட்டுன்னா நிப்பாட்டுறேன். ரெட்டத் தட்டுன்னா போறேன். மத்ததெல்லாம் வண்டிச் சத்தம்னு எடுத்துக்கிறேன். சரிதான?”

சரி என்றான் கர்ணன். கேபின் கதவு மூடிக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

மத்தியான வெளிச்சம் படுதாவின் தையல் ஓட்டைகளில் ஊசி ஊசியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மேகம் வந்து மூட, ஒவ்வொன்றாக அவிந்துபோய், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்றானது. அடியில் ஷாப்ட் சுற்றும் முனகலும், பட்டைகள் வளைந்து நிமிரும் கிரீச்சும், பெயின்ட் வாசமும், பழைய திராட்சைச் சாற்றின் புளித்த வாசமும், தன் மூச்சே படுதாவில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும் வெக்கையும் சேர்ந்து அவனை அமுக்கின. ஒரு கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டான். விரலுக்கு அந்த உரிந்த இடம் அகப்பட்டது. படுத்தவாக்கில் கையை நீட்டினால் தானாக அங்கேதான் போய் நின்றது.

மழை பிடித்தது. படுதாவின்மேல் படபடவென்று கொட்ட ஆரம்பித்ததும் வேறு எதுவும் கேட்காமல் போனது. கர்ணன் தனக்குத்தானே பேசிக்கொண்டான். வெறும் வண்டி. கழுவிய வண்டி. இன்னும் இரண்டு மைல் இறக்கம், லோயர் கேம்ப் வந்துவிடும், இறங்கி ஒரு டீ குடிக்கலாம்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. முதலில் லேசாக, எங்கோ யாரோ பூண்டு உரித்ததுபோல. பிறகு அழுகின பூண்டு. பிறகு மூக்கின் உள்தோலைப் பிடித்து இழுக்கிற எரிச்சல். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கேன் இல்லை, கேனை அவனே கொண்டுபோய் ஆற்றுப் பக்கம் எறிந்துவிட்டு வந்திருந்தான். கையால் துழாவினான். தரை ஈரமாக இருந்தது. பிசுபிசுத்தது.

டொக்.

அவன் தலைக்குப் பக்கத்தில். ஒரு சாண் தூரத்தில். அவன் தட்டவில்லை.

வண்டி வேகம் குறைந்தது. முன்னால் கண்ணாடி இறங்கி, ஜெபராஜ் என்ன தம்பி, அகப்பட்டதா என்று கத்துவது மழைக்குள் மங்கலாகக் கேட்டது. கர்ணன் வாயைத் திறந்தான். காற்றுக்குப் பதிலாக மருந்துதான் உள்ளே போனது. பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. இருமலுக்கு நடுவே, பக்கத்தில், தகரத்தில் மெதுவாக இரண்டு தட்டு விழுந்தது.

பீப் என்று ஹாரன் பதில் சொன்னது. வண்டி நகர்ந்தது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். வீசிங்காரர்கள் வாங்குவதுபோல, இழுத்து, விசிலடித்து, பாதியில் நின்று. அது தன் மூச்சுதான் என்று கர்ணன் நினைத்தான். தன் மூச்சை நிறுத்திப் பார்த்தான். அது நிற்கவில்லை. கன்னத்தில் பட்டது. ஈரச் சேலை ஒன்று அவன் முழங்காலில் ஒட்டியது. முழங்கால்வரை சேறு.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாததுபோல இத்தனை மாதம் நடித்ததுதான் பொய். முதல் தட்டு செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போதே வந்தது. திறந்தால் போலீஸ் பார்க்கும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தான். இரண்டாவதும் மூன்றாவதும் வளைவுகளில் வந்தன. இதோ இறங்கிவிட்டோம், இதோ இறங்கிவிட்டோம் என்று பாட்டைச் சத்தமாக வைத்தான். தட்டு தெளிவாக, ஒற்றை ஒற்றையாக, ஒரு பழக்கமான ஆள் மரியாதையாகத் தட்டுவதுபோலத்தான் வந்தது. அப்புறம் மெலிந்தது. அப்புறம் நின்றது. நின்றதும் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

“அக்கா” என்றான். இருட்டுக்குள் சொன்னான். “தெரியாமச் செஞ்சிட்டேன்க்கா.”

மூச்சு ஒரு கணம் நின்றது. கேட்டதுபோல. பிறகு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. தெரியாமலா என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

கர்ணன் படுதாவை முட்டினான். தலையால், தோளால், முழங்காலால். நனைந்து விறைத்த படுதா பலகையாக இருந்தது. கயிற்றை அவன் கட்டச் சொன்னபடியே ஜெபராஜ் கட்டியிருந்தார். இரண்டு கையாலும் தகரத்தை அடித்தான். டொக்டொக் டொக்டொக்டொக் என்று கணக்கில்லாமல் அடித்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம், போனைப் பார்த்து ஜெபராஜ் சந்தோஷமாகப் பேசுவது கேட்டது.

“இந்தா வருது பாரு, நல்லா வருது! இதுதான்யா அந்தச் சத்தம். கர்ணன் சொன்னது நெசம்தான்யா. நான் பொய் சொல்லல.”

கண் எரிந்தது. நெஞ்சு எரிந்தது. வாயில் நுரை. கணக்கில்லாமல் அடிக்கக் கூடாது. ஒற்றை. ஒற்றைதான் அடிக்க வேண்டும். இருக்கிற பலத்தையெல்லாம் உள்ளங்கைக்குக் கொண்டுவந்தான்.

டொக்.

பிரேக் பிடித்தது. வண்டி தயங்கியது. ஆண்டவா.

பக்கத்தில், அவசரமே இல்லாமல், இரண்டு.

பீப்.

மறுபடி. ஒன்று. வண்டி தயங்கியது. இரண்டு. பீப்.

மறுபடி.

இரைச்சல் பாலம் வந்துவிட்டது. மேலேயிருந்து தண்ணீர் விழுகிற பேரிரைச்சல் மழையையும் விழுங்கியது. அன்றைக்கு அவள் தட்டு நின்றதும் இங்கேதான். கர்ணனின் விரல்கள் மடங்கிக்கொண்டன, மூச்சு பாதிக்குமேல் ஏறவில்லை. கை மட்டும் இருந்தது. அதைத் தூக்கினான். அந்த உரிந்த இடத்தில் போட்டான்.

மெல்லிய ஒரு தட்டு.

வண்டி வேகம் குறைந்தது. குறைந்துகொண்டே வந்தது. ஓரம் கட்டுகிறார். கல்லில் டயர் ஏறுகிற சத்தம். இன்ஜின் தணிந்தது. நிற்கப்போகிறது.

அவன் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஏலக்காய் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன உள்ளங்கை, ஜில்லென்று, ஈரமாக. அவன் மணிக்கட்டை மெதுவாகச் சுற்றிப் பிடித்தது. குழந்தைக்கு எழுதப் பழக்குகிறவர்களைப் போல, அவன் கையை அது நிதானமாகப் பின்னால் இழுத்தது.

அவன் உள்ளங்கையாலேயே தட்டியது.

ஒன்று.

இரண்டு.

ஜெபராஜ் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி வேகமெடுத்தது.